உழைப்போர் தொகையில் தொக்கு நின்றோர்

நாட்டின் வளத்திற்கு மூலம் மக்களின் உழைப்பே என்பது யாவர்க்கும் உடன்பாடு. அவ்வுழைப்பைச் செய்வோர் எத்துணையர், அவர் தொகை காலப்போக்கிற் பெருகுகின்றதா, சுருங்குகின்றதா என்பதைக் கணித்தறிதல் அரசு நடத்துவார்க்கும் தொழில் நடத்துவார்க்கும் நம்மைப்போன்ற சங்கத்தார்க்கும் இன்றியமையாதது. இஃது எளிய காரியம்போலத் தோன்றும். வீடுதோறும் சென்று ஆட்களை எண்ணுவதில் என்ன அருமை என்று நினைப்பாரும் உளர். ஆட்களை எண்ணுதல் எளிதே. அவருள் உழைப்போர் இவர் எனப் பிரித்தெண்ணுதல் அரிது. 'உழைப்போர்' என்னுஞ் சொல்லுக்குப் பொருள் இன்னதென வரையறுத்த பின்னரே எண்ணத் தொடங்க இயலும். அவ்வரையறை மாறுந்தோறும் தொகையும் மாறும். சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் நம் நாட்டில் அவ்வரையறை எவ்வெவ்வாறு மாறிற்று, அம்மாற்றத்தால் நெசவுத் தொழிலோராகிய நம் குடும்பங்களுக்கு, சிறப்பாக நம் மகளிர்க்கு, நேர்ந்தது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

பண்டை அரசர் எண்ணியது தறியை, நெய்வோரையன்று. யாம் வாழும் கூரம், கூரத்தாழ்வான் திருவவதாரஞ் செய்த தலம் என்பதை அன்பர் அறிவர். 7ஆம் நூற்றாண்டிலே பல்லவ வேந்தனாகிய முதலாம் பரமேச்சுரவர்மன் விடுத்த சாசனம் கூரத்துச் செப்பேடுகள் என வழங்குதலின், சரித்திர நூலாரும் இவ்வூர்ப் பெயரை நன்கறிவர். பல்லவர் காலத்துச் செப்பேடுகளில் ஊரார்க்குரிய இறைகளை வரிசைப்படுத்துமிடத்துச் செக்கும் தறியும் உடன் கூறப்படுதலைக் காண்கின்றோம். பிற்காலக் கல்வெட்டுக்களில் தறியிறை, தறிக்கடமை என்னும் பெயர்கள் பயில்கின்றன. கும்பினியார் ஆட்சியிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சென்னை இராசதானியில் தறிமேல் வரி இருந்தது. வரி வாங்குவார்க்குத் தறி ஒன்றெனின் ஒன்றே. அத்தறிக்கு ஒருவர் உழைக்கின்றாரோ, ஐவர் உழைக்கின்றாரோ என்னுங் கவலை அவர்க்கில்லை. ஆதலின் நம் முன்னோருள் எத்துணையர் நெய்தனர், எத்துணையர் நூல் சமைத்துக் கொடுத்தனர் என்பவற்றை அவ்வரிக் கணக்குக்களால் அறிதல் ஆகாது.

மக்களை வீடுதோறும் எண்ணி அவரவர் தொழிலையும் உடன் எழுதும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைபெற்றது. சென்னை இராசதானியில் 1871ஆம் ஆண்டிலும், இந்திய தேசம் முழுமைக்கும் ஒரே இரவைக் குறித்து 1881ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாளிலும் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. இதனைக் குடிமதிப்பு என்று ஈண்டு வழங்குவோம். 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறையாகப் பதினான்கு குடிமதிப்புக்கள் நடந்தேறின. உலகில் இத்துணை நெடுங்காலம் இடையறாது தொழிற்கணக்கு எழுதி வந்த தேசங்கள் மிகச் சிலவே. ஆயினும், பதினான்கு முறையும் கேட்ட கேள்வி ஒன்றன்று என்பதே நாம் கருத்திற்கொள்ளற்பாலது.

கேள்வி மாறின் தொகை மாறும் என்பதற்குப் பிற தேசத்துச் சான்றும் உண்டு. 1881ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துக் குடிமதிப்பில் ஒரு மாறுதல் செய்யப்பட்டது. அதற்கு முன்னெல்லாம் இல்லறக் கடமை செய்யும் மனைவியர்க்குத் தொழில் வகுப்புக்களுள் ஓரிடம் வைத்திருந்தனர். அவ்வாண்டில் அவர்களைத் தொழிலில்லாதார் வகுப்பிற் சேர்த்தனர். அதனால் அந்நாட்டு மகளிர் எவரும் அன்றுமுதற் கைகட்டி இருந்துவிடவில்லை. அவர்களைப் பற்றி எழுதும் ஏட்டின் தலைப்பு மாத்திரமே மாறியது.

நம் நாட்டில் நிகழ்ந்த மாறுதல்களைத் தெளிவாக உணர்தற்பொருட்டு ஓர் இல்லத்தை மனத்துட்கொள்வோம். காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களுள் ஒன்றில் குழித்தறி இரண்டுடைய குடும்பம் ஒன்று. அதில் அறுவர் உளர். குடும்பத் தலைவர் ஒரு தறியில் அமர்ந்து பட்டுச்சேலை நெய்கின்றார். மூத்த மகன் மற்றொரு தறியில் நெய்து தன் கூலியைத் தானே வாங்குகின்றான். தலைவரின் மனைவியார் சமையலும் பிற வேலைகளும் முடித்தபின் நாடோறும் மூன்றுமணி நேரம் இராட்டையில் அமர்ந்து ஊடைக்குத் தார் சுற்றுகின்றார். உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வரும் கோர்வைச் சேலையாயின், கணவர்க்குப் பக்கத்திலிருந்து கரைநாடாவையும் தள்ளிக் கொடுக்கின்றார். மருமகள் புதுப்பாவு பிணைக்கும் நாள்களில் இழை எடுத்துக் கொடுப்பதோடு, ஆண்டில் நான்கு மாதம் தறியிலும் அமர்கின்றாள். முதிய தாயார் சிக்கு விழுந்த நூலைப் பிரித்துக் கொடுக்கின்றார். பேரன் பள்ளியிற் படிக்கின்றான். சேலை முடிந்ததும், மகன் கூலி நீங்கலாக, எஞ்சிய கூலி முழுதும் தலைவர் கையில் ஒரே தொகையாக வருகின்றது. இவ்வில்லத்தில் உழைப்போர் எத்துணையர்? ஒவ்வொரு குடிமதிப்பும் கூறும் விடையைக் காண்போம்.

1891ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, ஒவ்வொருவரும் எத்தொழிலின் பயனால் உயிர் வாழ்கின்றனர் என வினவியது. அக்கேள்விக்கு இவ்வில்லத்து அறுவரும், பள்ளிச் சிறுவன் உட்பட, நெசவால் வாழ்வோரே. 1901, 1911, 1921 ஆகிய மூன்று குடிமதிப்புக்களும் தொழில் செய்வோர் வேறு, அவரைச் சார்ந்திருப்போர் வேறு எனப் பிரித்தன. தலைவரும் மகனும் ஐயமின்றித் தொழில் செய்வோர். மற்றையோர் எப்பக்கம் சேர்வர் என்பது விடை கூறுவாரின் வாயையும் எழுதுவாரின் கையையும் பொறுத்ததாயிற்று. 1931ஆம் ஆண்டில் ஜே. எச். ஹட்டன் என்பார் தலைமையில் நடந்த குடிமதிப்பு, மக்களை ஈட்டுவோர், உழைக்குஞ் சார்பினர், உழையாச் சார்பினர் என மூவகையாக வகுத்தது. தனிக்கூலி பெறாது குடும்பத் தொழிலில் ஒழுங்காகத் துணைபுரியும் மனைவியர்க்கு இரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்தது. நம் இல்லத்து மனைவியாரும் மருமகளும் இவ்வகுப்பிற் சேர்வர். அதுகாறும் வந்த வகுப்புக்களுள் நெசவுக் குடும்பத்தின் உண்மை நிலைக்கு ஒருவாறு பொருந்தியது இதுவே என்பது எம் கருத்து.

1941ஆம் ஆண்டு போர்க்காலமாதலின் அட்டவணைகள் பெரிதும் சுருக்கப்பட்டன. சுதந்திர இந்தியாவின் முதற் குடிமதிப்பு 1951ஆம் ஆண்டில், ஆர். ஏ. கோபாலசாமி அவர்கள் தலைமையில் நடைபெற்றது. அது வருவாயையே அளவுகோலாகக் கொண்டு, தம்மைத் தாமே தாங்குவோர், ஈட்டுஞ் சார்பினர், ஈட்டாச் சார்பினர் என வகுத்தது. கூலி தலைவர் கையில் ஒரே தொகையாக வரும் இல்லத்தில் மனைவியாரின் பங்கைத் தனி வருவாயாகக் காட்டுதல் எங்ஙனம்? அவர் மூன்றாம் வகுப்பில் எழுதப்படுதற்கே இடம் மிகுதி.

1961ஆம் ஆண்டில் அசோக் மித்ரா அவர்கள் தலைமையில் நடந்த குடிமதிப்பு, வருவாயை விடுத்து உழைப்பையே நோக்கியது. பருவத் தொழிலாயின், அப்பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒருமணி நேரத்திற்கு மேல் ஒழுங்காக உழைத்தவரும், நிலையான தொழிலாயின் முந்திய பதினைந்து நாளில் ஒருநாளேனும் உழைத்தவரும் உழைப்போர் எனப்பட்டனர். வீட்டுத் தொழில் என்று தனி வகுப்பொன்றும் ஏற்பட்டது. இவ்வரையறையால் நம் இல்லத்தில் நால்வர் உழைப்போராவர்; நூல் பிரிக்கும் தாயாரையும் சேர்ப்பின் ஐவர். பத்தாண்டு கழிந்து 1971ஆம் ஆண்டில் கேள்வி மீண்டும் மாறியது. ஒருவர் முதன்மையாகச் செய்வது யாது என்பதே அப்பொழுது முதற்கேள்வி. வீட்டுக் கடமையே முதன்மை என்று விடை வந்தால் அவர் உழையாதோர் பட்டியில் எழுதப்பட்டார். தார் சுற்றுதல் துணைவேலை என வேறொரு கட்டத்தில் ஒதுக்கப்பட்டது. நம் இல்லத்தில் உழைப்போர் இருவராகச் சுருங்கினர்.

ஒரே இல்லம், ஒரே இராட்டை. 1891இல் அறுவர், 1961இல் ஐவர், 1971இல் இருவர்! இவ்வில்லம் யாம் புனைந்துகொண்டதே எனினும், தேசம் முழுமைக்கும் நேர்ந்ததும் இதுவே. 1961ஆம் ஆண்டில் இந்தியாவில் உழைக்கும் மகளிர் ஏறத்தாழ 5.95 கோடி, 1971ஆம் ஆண்டில் அவர் ஏறத்தாழ 3.13 கோடி. அப்பத்தாண்டில் நாட்டு மகளிரின் மொத்தத் தொகையோ 21 கோடியிலிருந்து 26 கோடியாகப் பெருகியிருந்தது. பெண்மக்கள் ஐந்து கோடி பெருக, உழைக்கும் பெண்மக்கள் மூன்று கோடிக்கு அணித்தாகக் குறைந்தனர் என்பதை ஏடு கூறுமாயின், அதனை நம்புவார் யார்? பஞ்சமோ கொள்ளைநோயோ அத்துணைப் பேரை வேலையினின்றும் நீக்கியதில்லை. குறைவிற் பெரும்பகுதி கேள்வி மாறியதன் பயனே என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு.

தவற்றை உணர்ந்து திருத்தவும் முற்பட்டனர். 1981ஆம் ஆண்டில், சென்ற ஓராண்டில் எப்பொழுதேனும் உழைத்தீரா என முதலில் வினவி, 183 நாளும் அதற்கு மேலும் உழைத்தவரை முதன்மை உழைப்பாளர் என்றும், அதற்குக் குறைந்தவரைக் குறுங்கால உழைப்பாளர் என்றும் பிரித்தனர். 1991ஆம் ஆண்டில், நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் உட்பட என்னுந் தொடர் கேள்வியிலேயே சேர்க்கப்பட்டது. இச்சிறு தொடரே நம் மகளிர்க்குரிய தொடர். 2001, 2011 குடிமதிப்புக்களும் அந்நெறியையே பின்பற்றின. 2011ஆம் ஆண்டில் இந்தியாவில் உழைப்போர் ஏறத்தாழ 48.17 கோடி, அவருள் மகளிர் ஏறத்தாழ 15 கோடி. அம்மகளிருள் பதின்மரில் நால்வர் குறுங்கால உழைப்பாளர் என்பதையும் நோக்குக. பழைய கேள்வியே நின்றிருப்பின் இவருட் பலர் ஏட்டில் ஏறியிரார்.

நன்னூலார் நூற்குற்றம் பத்தென வகுத்துக் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்னும் இரண்டையும் முதற்கண் வைத்தார். கணக்கு நூலுக்கும் அவ்விரு குற்றங்களும் உண்டு. பள்ளிச் சிறுவனையும் நெசவிற் சேர்த்த 1891ஆம் ஆண்டுக் கேள்வி, உழைப்போரை அறிய விரும்புவார்க்கு மிகைபட்டது. தார் சுற்றுவாரை விடுத்த 1971ஆம் ஆண்டுக் கேள்வி குன்றியது. இரண்டையும் அருகருகே வைத்து நெசவாளர் பெருகினர் என்றோ குறைந்தனர் என்றோ முடிவு கட்டுதல் பெரும்பிழையாம்.

அப்பிழை சரித்திர ஆராய்ச்சியிலும் புகுந்ததுண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆலைத்துணி வந்து நம் தறிகள் ஓய்ந்தன என்பது நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவருஞ் செய்தி. 1881 முதல் 1931 வரை கைத்தொழிலோர் விழுக்காடு பெரிதும் வீழ்ந்ததெனக் குடிமதிப்பைக்கொண்டு காட்டினாரும் உளர். அவருள் ஒருவர் காலின் கிளார்க் என்னும் பொருளியலறிஞர். டேனியல் தார்னர் என்பார் 1962ஆம் ஆண்டில் வெளியான தம் ஆராய்ச்சியில் அக்கணக்குக்களைத் துருவி நோக்கினார். மகளிர் தொழிலை எழுதியதில் குடிமதிப்புக்குக் குடிமதிப்பு ஒருமைப்பாடு இல்லை என்பதும், தாமே செய்து தாமே விற்கும் கைத்தொழிலோர் ஒருமுறை தொழிலிலும் மறுமுறை வாணிகத்திலும் எழுதப்பட்டனர் என்பதும் அவர் கண்டவை. நெய்த சேலையைத் தோளிற் சுமந்து தெருவில் விற்பவர் நெசவாளரோ, வணிகரோ? எழுதுவார் விருப்பம்போல எழுதினர். இவற்றை நீக்கி ஆடவர் கணக்கை மாத்திரம் நோக்கின், அவ்வைம்பதாண்டில் பெருவீழ்ச்சி காணப்படவில்லை என அவர் முடித்தார். 1881க்கு முன்னர்க் கைத்தொழில் வீழ்ந்ததா என்பது வேறு வினா; அதற்குக் குடிமதிப்பு சான்றாகாது. நம் முன்னோர் துன்புறவில்லை என்று இதனாற் கொள்ளற்க. துன்பத்தை அளக்க எடுத்த கோல் நேர்கோலன்று என்பதே இதன் கருத்து.

தறித்தொழிலைத் தனியே எண்ணிய கணக்குக்களும் உள. 1941ஆம் ஆண்டில் இந்திய அரசினர், சென்னைச் சர்வகலாசாலையிற் பொருளியல் பேராசிரியராய் விளங்கிய பி. ஜே. தாமஸ் அவர்களைத் தலைவராகக்கொண்டு, கைத்தறியையும் ஆலையையும்பற்றி ஆராயும் குழு ஒன்றை நியமித்தனர். 1942ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் கைத்தறிகளும், 24 லட்சம் நெசவாளரும், அவர்க்குத் துணைத்தொழில் செய்வோர் 36 லட்சம் பேரும் உளர் என மதிப்பிட்டது. நெய்வோர் இருவர்க்குத் துணை செய்வோர் மூவர் என்பது இதனாற் போதரும். நூல் பிரித்தல், தார் சுற்றுதல், பாவு ஓட்டுதல், கஞ்சியிடுதல் ஆகியவற்றைச் செய்யும் கைகளையும் அக்குழுவினர் எண்ணத் துணிந்தனர். அவற்றுட் பெரும்பாலன மகளிர் கைகளும் சிறுவர் கைகளுமே.

பின்னர், கைத்தறிக்கெனத் தனிக் கணக்கெடுப்பு 1987-88, 1995-96, 2009-10, 2019-20 ஆகிய நான்கு காலங்களில் நடைபெற்றது. 1995-96இல் 65 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த கைத்தறித் தொழிலாளர், 2009-10இல் 43.31 லட்சமாகவும் 2019-20இல் 35.22 லட்சமாகவும் குறைந்தனர். நான்காங் கணக்கில் நெய்வோர் 26.74 லட்சம், துணைத்தொழிலாளர் 8.49 லட்சம். 1942ஆம் ஆண்டில் நூறு நெசவாளர்க்கு நூற்றைம்பது துணைவர். 2019-20இலோ நூற்றுக்கு முப்பத்திருவர். துணைவர் எங்குச் சென்றனர்? நூலும் பாவும் பக்குவப்பட்டு வெளியிலிருந்து வருவதால் வீட்டில் அவ்வேலை குறைந்தது என்பது ஒரு காரணம். எண்ணும் முறை வேறுபட்டது என்பது மற்றொரு காரணம். இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஒன்றை விடுத்து ஒன்றைக் கூறுதல் முறையன்று. ஆயினும், 2019-20ஆம் ஆண்டுக் கணக்கில் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு எழுபதின்மர்க்கு மேற்பட்டோர் மகளிர் என்பது ஐயமின்றி எழுதப்பட்டுள்ளது. இவ்விழுக்காடு பெரிதாதற்கு வடகிழக்கு நாடுகளில் வீடுதோறும் மகளிரே நெய்தல் ஒரு காரணம். எனினும், நெசவென்றால் ஆடவர் தொழில் என எண்ணிப் பழகிய நமக்கு இவ்வெண் ஓர் எச்சரிக்கையாகும்.

குடிமதிப்பன்றி வேறொரு வகைக் கணக்கும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1930ஆம் ஆண்டுவரை, வழக்கமாக ஒரு தொழிலுடையார் எவர் என்பதையே எழுதி வந்தனர். 1929 முதல் பெருமந்தம் வந்து கோடிக்கணக்கானோர் வேலையிழந்தபோது, வேலையின்றி வேலை தேடுவோர் எத்துணையர் என்னும் கேள்விக்கு அக்கணக்கில் விடையில்லாதாயிற்று. ஆதலின் 1940ஆம் ஆண்டில், குறித்த ஒரு வாரத்தில் வேலை செய்தோரையும் வேலை தேடியோரையும் ஒருங்கு சேர்த்து உழைப்புப் படை என்னும் கருத்தை ஏற்றனர். இன்று உலகெங்கும் வழங்குவது இக்கருத்தே. இந்தியாவில் தாந்த்வாலா குழு 1970ஆம் ஆண்டில் கூறிய நெறிப்படி, 1972-73 முதல் தேசிய மாதிரி ஆய்வினர் சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து இதனை அளந்து வந்தனர். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் காலமுறை உழைப்புப் படை ஆய்வு நடைபெறலாயிற்று.

இவ்வாய்வின்படி பதினைந்து வயதும் மேலுமுடைய மகளிருள் உழைப்புப் படையிற் சேர்ந்தோர் 2017-18இல் நூற்றுக்கு 23.3; 2023-24இல் நூற்றுக்கு 41.7. ஆறாண்டில் இத்துணை ஏற்றம் எவ்வாறு நேர்ந்தது என அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஏறியோருட் பெரும்பாலார் சொந்தத் தொழில் செய்வோரும், குடும்பத் தொழிலிற் கூலியின்றித் துணை செய்வோருமே. இவ்வாய்வில் நாம் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. குடும்பத் தறியில் விற்பனைக்காக நெய்யுஞ் சேலைக்குக் கூலியின்றித் தார் சுற்றுவார் உழைப்போர். தம் வீட்டு உபயோகத்துக்கென்றே தைப்பாரும் நெய்வாரும் உழைப்புப் படைக்குப் புறம்பானவர். அவர்க்கு வீட்டுக் கடமையோடு பிற செய்வோர் எனத் தனிக்குறியீடு உண்டு. 2013ஆம் ஆண்டில் கூடிய சர்வதேசத் தொழிற் புள்ளியியலாளர் மகாநாடு, கூலி பெறினும் பெறாவிடினும் பொருளாக்குவதும் பணி செய்வதும் யாவும் வேலையே எனவும், அவற்றுள் ஊதியத்துக்கோ ஆதாயத்துக்கோ செய்வதே தொழிலமர்வு எனவும் வகுத்துக் கூறியது. ஆகவே வீட்டுவேலை வேலையன்று என்பாரை அம்மகாநாடும் மறுக்கின்றது.

இனி, எம்மைப்பற்றி ஒன்று கூறுதல் கடமையாயிற்று. 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பள்ளியாசிரியர் பலரைப்போல யாமும் கணக்கெடுப்பாளராக வீடுவீடாகச் சென்றோம். நெசவுத் தெரு ஒன்றில் வீட்டுக்காரர் திண்ணையில் அமர்ந்து எம் கேள்விகளுக்கு விடை கூறினார். அவர் மனைவியார் என்ன வேலை செய்கின்றார் என வினவினோம். "அவ ஒண்ணும் செய்யலீங்க ஐயா, சும்மா வீட்லதான் இருக்கா" என்றார். அவர் அவ்வாறு கூறும்பொழுதே உள்ளிருந்து இராட்டை சுழலும் ஓசை எம் செவியிற் பட்டது. கூலியில்லா வேலையும் உட்பட என்னுந் தொடர் எம் கையிலிருந்த தாளில் அச்சிடப்பட்டிருந்தது. இன்னொருமுறை விளக்கிக் கேட்க வேண்டும் என்று பயிற்சியிலும் சொல்லப்பட்டிருந்தோம். மாலைக்குள் முடிக்க வேண்டிய வீடுகள் பலவாதலின், கேட்டிலோம், கூறியவாறே எழுதினோம். எம் இல்லத்துக்கு வந்த வேறோர் ஆசிரியர் எம் அன்னையாரைப்பற்றி வினவியபோதும், யாம் தயங்காது 'வேலையில்லை' என்றே விடை கூறினோம். அன்னையார் அப்பொழுதும் உறவினர் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தவர்; எம் படிப்புச் செலவின் ஒருபகுதி அவ்விராட்டையிலிருந்து வந்தது. அவர் இன்று இல்லை. அடுத்த கணக்கில் அவர்க்குரிய கட்டத்தைத் திருத்தி எழுத எமக்கு வழியில்லை.

பிழை கேள்வி வகுத்தாரிடத்து மட்டுமில்லை என்பதற்கே இதனைக் கூறினோம். கேள்வி செம்மையாயினும் விடை பொய்ப்பின் கணக்குப் பொய்க்கும். 'தொகை' என்னுஞ் சொல்லுக்கு இருபொருள் உண்டு. கூட்டி வந்த எண்ணும் தொகை. வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நிற்பதும் தொகை. உருபு மறையினும் அதன் பொருள் மறைவதில்லை. அவ்வுருபின்றித் தொடரும் பொருள் தாராது. நம் மகளிரும் உழைப்போர் தொகையில் அவ்வாறே தொக்கு நிற்கின்றனர். அவரை விரித்துக் கூறுதல் வீட்டிலிருந்து விடை கூறுவாராகிய நம் கடன்.

இதனால் விளையும் பயன் யாது எனின், கூறுதும். 2009-10ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில் எழுதப்பட்ட தொழிலாளர்க்குப் படத்தோடு கூடிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. காப்பீடு, கடன், நலவாரிய உதவி முதலியவற்றை நாடுவார்க்குத் தாம் தொழிலாளர் என்பதைக் காட்டும் சான்று வேண்டும். கணவர் இறந்தபின் தறியை விடாது நடத்தும் பெண்மக்கள் நம் தெருக்களில் உளர். அதுவரை எக்கணக்கிலும் தொழிலாளராக எழுதப்படாதவர், அன்று முதன்முதலாகத் தாம் நெய்பவர் எனக் காட்ட வேண்டி அலைகின்றனர். சிறுவரைக் குறித்தும் இதுவே செய்தி. முற்காலத்தில் கோர்வைக்குக் கரைநாடா தள்ளச் சிறுவரை வைத்துக்கொள்ளுதல் காஞ்சிப் பக்கத்து வழக்கமாயிருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் பதினான்கு வயதுக்குட்பட்டாரை வேலைக்கு வைத்தலைத் தடுத்தன. பள்ளி நேரம் போகக் குடும்பத்தார்க்கு உதவுதல் விலக்குக்களுள் ஒன்று. 'சும்மா இருக்கின்றான்' என்று ஏட்டில் எழுதப்பட்ட சிறுவனைப் பள்ளிக்கு அழைக்க எவர் வருவர்? எண்ணப்படாத உழைப்புக்குக் கூலியும் இல்லை, காவலும் இல்லை.

2021ஆம் ஆண்டில் நடைபெற வேண்டிய குடிமதிப்பு கொரோனா நோயால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு 1ஆம் நாளைக் குறித்து அடுத்த குடிமதிப்பு நடத்தப்பெறும் என இந்திய அரசினர் 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிவித்தனர். அதில் சாதியும் எழுதப்பெறும் என்பது அவ்வாண்டு ஏப்ரலிற் செய்த முடிவு. எல்லாச் சாதிகளையும் எண்ணி அட்டவணையாக வெளியிட்டது 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பே. அதன்பின் இதுவே முதன்முறை. நம் சாதிப்பெயரைப் பிழையின்றி எழுதச் செய்ய வேண்டும் எனச் சங்கக் கூட்டங்களில் ஊக்கத்தோடு பேசப்படுகின்றது. அது தக்கதே. ஆயின் பெயர் எழுதும் கட்டத்தை அடுத்துத் தொழில் எழுதும் கட்டமும் உண்டு என்பதை மறத்தலாகாது. சாதியும் தொழிலும் இணைத்து அட்டவணை வருமாயின், நம் குலத்தாருட் பாதிப்பேர் வேலையற்றிருப்போர் என்று அது கூறும்படி நாமே விடை கூறிவிடுதல் தகுமா?

ஆதலின் அன்பர்கள் செய்யற்பாலன மூன்று. ஒன்று: கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டிலுள்ள மகளிரையும் அழைத்து, அவர் வாயாலேயே விடை கூறச் செய்க. இரண்டு: சென்ற ஓராண்டில் எத்துணை மாதம் தறியிலும் இராட்டையிலும் பாவிலும் உழைத்தனர் என்பதை முன்னரே எண்ணி வைத்துக்கொள்க, ஆறு மாதத்துக்கு மேற்பட்டதா, குறைந்ததா என்பதிலேயே வகுப்பு வேறுபடும். மூன்று: இல்லாததைக் கூட்டிக் கூறற்க. மிகைபடக் கூறலும் குற்றமே. உழையாதாரை உழைப்போர் என்றெழுதினால் நம் கணக்கை எவரும் நம்பார். நம் சங்கத்துக் கிளைகள்தோறும் ஒருநாள் கூடி, கற்ற இளைஞர் இக்கேள்விகளைத் தெருவினர்க்கு விளக்கிக் காட்டுவாராயின், அது பெருந்தொண்டாகும். ஆசிரியராகி இப்பணிக்குச் செல்லும் நம்மவர், யாம் செய்த பிழையைச் செய்யாது, உள்ளே இராட்டை ஓசை கேட்கின் மற்றொருமுறை வினவுவாராக.

காஞ்சிப் பட்டின் புகழ் நாடெங்கும் பரவியுள்ளது. அச்சேலையின் ஊடையிழை ஒவ்வொன்றும் நெய்வார் கைக்கு வருமுன் ஒரு பெண்மகளின் கையிற் சுழன்று வந்ததே. அக்கையையும் ஒரு கையென எழுதச் செய்தல் நம் கடமை.